ஐஇஎல்டிஎஸ்ஸா, பிடிஇயா, ஓஇடியா? காரைக்குடி வாத்தியார் ஒருவரின் கணக்கு

"சார், எதுல ஈஸியா ஸ்கோர் வரும்?" மாடிப்படியில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள். செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் பன்னிரண்டு வருடமாக ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். ஆரம்பத்தில் இந்தக் கேள்வியே கிடையாது, வெளிநாடு போக எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சை என்றால் ஐஇஎல்டிஎஸ் ஒன்றுதான் ஊருக்குத் தெரிந்த பெயர். இப்போது புதுவயலிலிருந்து வரும் பையன் பிடிஇ என்கிறான், தேவகோட்டை நர்ஸ் பெண் ஓஇடி என்கிறாள், பள்ளத்தூர்க்காரர் ஒருவர் மகளை வீட்டிலிருந்தே டுவோலிங்கோ எழுதவைத்துவிடலாமா என்று போனில் கேட்கிறார். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நம் ஊர்க்காரர்களை ஒருத்தரும் பேண்ட் (ஐஇஎல்டிஎஸ் மார்க்) எவ்வளவு என்று கேட்கவில்லை, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முதலில் ஒன்று. இந்தப் பரீட்சைகளில் பாஸ், ஃபெயில் என்று ஏதும் கிடையாது. நீங்கள் போகிற இடம் எவ்வளவு கேட்கிறதோ அதுதான் உங்கள் பாஸ் மார்க். அதனால் எது ஈஸி என்பதற்கு முன்னால் யார் கேட்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். கனடாவில் பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, விண்ணப்பம் போடுகிறவருக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப், பிடிஇ கோர் இவற்றில் ஒன்று வேண்டும். அவர் ஐஇஎல்டிஎஸ்ஸில் மேல்படிப்புக்கான அகாடமிக் எழுதிவிட்டு வந்து நின்றால் அந்தப் பணம் போனதுதான். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு டுவோலிங்கோ செல்லாது. பிரிட்டனுக்கு யுகேவிஐ என்று தனியாக ஒரு ஐஇஎல்டிஎஸ் இருக்கிறது. கேள்வித்தாள் ஒன்றுதான், தேர்வு நடத்தும் கட்டுப்பாடுகள்தான் வேறு. என்னிடம் படித்த ஒரு பையன் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதி 6.5 வாங்கினான். போகிற படிப்போ டிகிரிக்குக் கீழே உள்ள ஃபவுண்டேஷன் வருடம், அதற்கு யுகேவிஐதான் வேண்டும் என்று காலேஜ் திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி முழுக் கட்டணம் கட்டினான். ஏஜென்ட் அப்போது போனையே எடுக்கவில்லை.

சரி, உங்கள் காலேஜ் ஐஇஎல்டிஎஸ், பிடிஇ இரண்டையும் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் எது ஈஸி என்கிற பேச்சுக்கே வேலை. என் கணக்கில் அதை முடிவுசெய்வது உங்கள் வாய். ஆங்கில அறிவு அதற்கு அப்புறம்தான்.

ஐஇஎல்டிஎஸ் 1989லிருந்து நடக்கிறது, அதன் ஸ்பீக்கிங் இன்றைக்கும் ஒரு மனிதரோடுதான். 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. நடுப்பகுதியில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள், ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். நான் பயிற்சிக்குக் கொடுக்கும் அட்டைகளில் ஒன்று, நீங்கள் போன ஒரு பழைய வீட்டைப் பற்றிப் பேசுங்கள் என்பது. நம் பிள்ளைகளுக்கு இது லட்டு மாதிரி வர வேண்டும், எந்தத் தெருவில் திரும்பினாலும் அரண்மனை மாதிரி ஒரு வீடு. ஆனால், பெரிய வீடு, ரொம்பப் பெரிய வீடு, நிறைய ரூம் என்று இருபது விநாடியில் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது முகப்பிலிருந்து ஆரம்பி என்பேன். முகப்புக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை, விருந்தாளி உட்காரும் இடம் என்று ஆங்கிலத்தில் சொல். வளவுக்குள், அதான் நடுமுற்றத்துக்குள் வா, வானம் தெரிகிறதா, மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது, தூண் எந்த ஊர் மரம், சுவர் ஏன் அவ்வளவு வழுவழுப்பு, முட்டை வெள்ளைக்கருவை என்ன செய்தார்கள். இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் இரண்டு நிமிடம் தீர்ந்து தேர்வாளரே நிறுத்தச் சொல்லிவிடுவார். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம எடை. மனிதர் என்பதால் நீங்கள் ஒரு வார்த்தைக்குத் திணறினால் காத்திருப்பார், புரியாவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், சிரித்தால் சிரிப்பார். அதற்காக மார்க் போடமாட்டார். ஆனால் பயம் விட்டுப்போகும்.

பிடிஇயில் எதிரே ஒரு திரை, காதில் ஹெட்போன், முன்னால் மைக். 2009ல் வந்தது, பியர்சன் கம்பெனியுடையது, எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் சுமார், மார்க் 10 முதல் 90 வரை. ஒரு படத்தைக் காட்டும், 25 விநாடி பார்த்து 40 விநாடி பேச வேண்டும். மூன்று விநாடி மௌனமாக இருந்தால் ரெக்கார்டிங் நின்றுவிடும். அந்த மூன்று விநாடியைத்தான் யூடியூப்காரர்கள் யாரும் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எடுக்கும் நேரமே அதுதான். போதாக்குறைக்கு அதே ஹாலில் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்திருக்கிறவரும் அதே நேரம் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார், சந்தைக்கடை மாதிரி. அதைச் சமாளிப்பதற்காகவே வகுப்பில் ஆறு பேரை ஒரே சமயத்தில் படிக்கவிட்டுப் பழக்குகிறேன். கீழ்க்கடைக்காரர் ஒரு நாள் மேலே ஏறி வந்து என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் மனிதர் எதிரே உட்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். புதுவயல் பையன் அப்படித்தான். மெக்கானிக்கல் படித்தவன், ஆங்கிலச் செய்தி தடையில்லாமல் படிப்பான், என்னிடம் பேசு என்றால் வியர்க்கும். அவனுக்கு மெஷின்தான் சொர்க்கம்.

உச்சரிப்பில் இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசம். தமிழில் வல்லினத்துக்கு ஒரே எழுத்து, அதனால் பூங்கா என்கிற பார்க்கும் (park) நாய் குரைக்கிற பார்க்கும் (bark) நம் வாயில் ஒன்றாகிவிடும். மெய்யில் முடிகிற சொல்லுக்கு உகரம் போட்டு டெஸ்க்கு, கார்டு என்போம், ஸ்கூலுக்கு முன்னால் ஒரு இகரம் ஒட்டிக்கொள்ளும். ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர் நம் ஊர் வாடையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, புரிந்தால் போதும். பிடிஇயும் இந்திய உச்சரிப்பு கூடாது என்று சொல்லவில்லைதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு டெஸ்க்கு என்பது ஓர் அசை கூடின வேறு சத்தம். இந்த உகரத்தை வெட்டவே மூன்று வாரம் போகிறது.

இதே மாதிரிதான் ஏ, ஆன், தி விவகாரமும். தமிழில் அந்தச் சங்கதியே இல்லை, அதனால் காதில் விழுந்தாலும் கைக்கு வராது. பிடிஇயில் ஒரு வாக்கியத்தை ஒரே ஒரு தடவை போட்டுக்காட்டி அப்படியே டைப் அடிக்கச் சொல்வார்கள், சொல்லுக்குச் சொல் மார்க், லிஸனிங்குக்கும் ரைட்டிங்குக்கும் சேர்த்து. ஒரு 'தி' விட்டால் இரண்டு பக்கமும் அடி. ஐஇஎல்டிஎஸ் லிஸனிங்கில் நாற்பது கேள்வி. பன்மைக்கு ஒரு எஸ் விட்டுப்போனால் அந்த விடை தப்பு, அதோடு போச்சு.

ரீடிங்கில் பிடிஇயே லேசு என்பேன், பத்திகள் சின்னவை. ஐஇஎல்டிஎஸ்ஸில் மூன்று நீளமான கட்டுரை, 60 நிமிடம், நாற்பது கேள்வி. அதில் எல்லாரையும் கவிழ்ப்பது ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். இதைத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரையில், ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்துக் கையால் செய்கிறார்கள் என்று இருக்கிறது. கேள்வியில் மெஷினில் செய்கிறார்கள் என்று வந்தால் ஃபால்ஸ், ஏனென்றால் கட்டுரை அதை மறுக்கிறது. மற்றக் கல்லைவிட விலை அதிகம் என்று வந்தால் நாட் கிவன், கட்டுரை விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஆனா விலை அதிகம்தானே சார், எங்க அப்பா கடைல விக்கிறாரே" என்றான் ஒருத்தன். உன் அப்பா கடை கேள்வித்தாளில் இல்லை தம்பி என்றேன். ஊர் விஷயம் தெரிந்த பிள்ளைதான் இதில் அதிகம் தவறுகிறது, தெரிந்ததைக் கட்டுரைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதால்.

ரைட்டிங்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நம் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரவில்லை, ஒப்பிக்கச் சொல்லித்தந்திருக்கிறது. ஐஇஎல்டிஎஸ்ஸில் முதல் டாஸ்க் 150 சொல், இரண்டாவது 250 சொல், இரண்டாவதுக்கு இரட்டை எடை. மனப்பாடக் கட்டுரை என்று தெரிந்தால் பேண்ட் சரியும், தலைப்புக்குப் பக்கத்திலேயே வராத அலங்கார முன்னுரையைத் தேர்வாளர் முதல் வரியில் கண்டுபிடித்துவிடுவார். பிடிஇயில் 20 நிமிடத்தில் 200 முதல் 300 சொல் கட்டுரை, அதைக் கம்ப்யூட்டர் திருத்துவதால் டெம்ப்ளேட் ஒன்றை ஒப்பித்து இடையில் தலைப்பைச் செருகினால் ஓடியது. பிடிஇ ஈஸி என்கிற பேச்சில் பாதி அங்கிருந்து வந்ததுதான். 2025 ஆகஸ்டில் பரீட்சையை மாற்றியபோது சில பகுதிகளின் விடைகளை மனிதரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். இன்னமும் பழைய டெம்ப்ளேட்டை 999 ரூபாய்க்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்காதீர்கள்.

இடையில் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் எழுதப்போகிறவர்களில் பிளஸ் டூ லீவில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த பெண்கள் மற்றவர்களைவிடக் கால் மணி நேரம் முன்னால் நிற்கிறார்கள். அந்தப் பழைய இன்ஸ்டிட்யூட்டைக் கிண்டல் பண்ணாதீர்கள்.

இப்போது ஓஇடி. நர்ஸ், டாக்டர், பிஸியோ, பார்மசிஸ்ட் என்று 12 மருத்துவத் தொழில்களுக்கு மட்டுமான பரீட்சை. கட்டணத்தைக் கேட்டதும் தேவகோட்டைப் பெண்ணின் அம்மா, "அந்தக் காசுக்கு மத்ததை ரெண்டு தரம் எழுதலாமே" என்றார்கள். தப்பில்லாத கணக்கு, கிட்டத்தட்ட இரு மடங்குதான். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ்ஸில் லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றுக்கும் 7, ரைட்டிங்குக்கு 6.5 கேட்கிறது, ஓஇடியில் அதே மூன்றுக்கு பி கிரேடு, அதாவது 500க்கு 350, ரைட்டிங்குக்கு சி பிளஸ். இந்தப் பெண் ஐஇஎல்டிஎஸ்ஸை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் ரைட்டிங்கில் 6. நகரங்களில் வாகன நெரிசலைக் குறைப்பது எப்படி என்று அவளிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள், பத்து வருடமாக வார்டில் நின்றவள். ஓஇடியில் அவளிடம் கேட்பது கடிதம். நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள், படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம், 180 முதல் 200 சொல்லுக்குள் அடுத்த மருத்துவமனைக்கோ வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கோ எழுத வேண்டும். இதில் மார்க் போவது ஆங்கிலத்தால் அல்ல, எதை விடுவது என்று தெரியாததால். பத்து வருடத்துக்கு முன் குடல்வால் எடுத்ததை இன்றைய கால் புண் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை, ஆனால் நோட்ஸில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் வாரிப்போடுவார்கள்.

ஸ்பீக்கிங்கில் இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் 5 நிமிடம், எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார், ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடுவது வேறொருவர். மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பெரியவரைச் சமாதானம் செய் என்று கார்டு வந்தது. சர்க்கரை வைத்துக்கொண்டு அதிரசம் கேட்கும் சொந்த அப்பத்தாவைத் தினமும் சமாளிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா. நான் திருத்தியது ஒன்றுதான்: நம் ஊர் நர்ஸுகள் அதட்டுவார்கள், அங்கே முதலில் கேட்க வேண்டும், ஏன் வேண்டாம் என்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று. நான்கு மாதத்தில் முடித்தாள். நர்ஸ் யார் வந்தாலும் கடன் வாங்கியாவது ஓஇடி எழுது என்றுதான் சொல்கிறேன், செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கடன் வாங்கு என்று சொல்வது கொஞ்சம் உறுத்தினாலும்.

டோஃபலுக்கு இந்தப் பக்கம் ஆளே வருவதில்லை, வருடத்துக்கு இரண்டு பேர், இருவரும் அமெரிக்கா. 2026 ஜனவரியிலிருந்து 120க்கு என்றிருந்த மார்க்கை 1 முதல் 6 என்று மாற்றியிருக்கிறார்கள், பழைய புத்தகத்தைத் தூக்கிப்போடுங்கள். டுவோலிங்கோ 2016ல் வந்தது, வீட்டிலிருந்தே ஒரு மணி நேரம், மற்றவற்றில் பாதிக் கட்டணம்கூட இல்லை. அமெரிக்கக் காலேஜ்கள் நிறைய ஏற்கின்றன. ஆனால் தனி அறையில் கேமரா முன்னால் எழுத வேண்டும், ஆயா காபியோடு உள்ளே வந்தால் அந்தத் தேர்வே செல்லாமல் போகலாம். கூட்டுக்குடும்ப வளவு வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை எது என்று முதலில் பாருங்கள். பள்ளத்தூர்க்காரரிடமும் இதைத்தான் சொன்னேன்.

செலவு, அலைச்சல் விஷயத்தில் ஐஇஎல்டிஎஸ், பிடிஇ இரண்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல், பெரிய வித்தியாசம் இல்லை. மையத்துக்கு மதுரை, திருச்சி எந்தப் பக்கம் போனாலும் சுமார் 90 கிலோமீட்டர், சில தேதிகளுக்குச் சென்னைதான், அதனால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். பிடிஇ ரிசல்ட் பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும், கடைசித் தேதியை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்களுக்கு அதுதான் கதி. கம்ப்யூட்டர் ஐஇஎல்டிஎஸ்ஸில் வேறொரு வசதி உண்டு. ஒரு பகுதி மட்டும் கவிழ்ந்தால் 60 நாளுக்குள் அதை மட்டும் திரும்ப எழுதலாம், காலேஜ் அதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொண்டு. சராசரியும் கை கொடுக்கும். மூன்றில் 6.5 வாங்கி ரைட்டிங்கில் 5.5 என்றால் 6.25, அதை 6.5 ஆக்கித் தருவார்கள். ஆனால் எதிலும் 6க்குக் குறையக்கூடாது என்கிற காலேஜில் இது உதவாது.

என் மாடிக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஃபீஸ் வாங்குவதில்லை. ஒரு நாள் என்னோடு பத்து நிமிடம் பேச வேண்டும், மறுநாள் போன் ரெக்கார்டரோடு தனியாகப் பேச வேண்டும். இரண்டையும் அவர்களையே உட்காரவைத்துப் போட்டுக்காட்டுகிறேன். எங்கே தடுமாறினோம் என்று அவர்களுக்கே கேட்டுவிடுகிறது, பாதிப் பேர் வரும்போது சொன்ன பரீட்சையை மாற்றிக்கொள்கிறார்கள். புதுவயல் பையன் மாற்றிக்கொள்ளவில்லை, அடுத்த மாதம் பிடிஇ எழுதுகிறான். டெஸ்க்கு மட்டும் இன்னும் டெஸ்க் ஆகவில்லை.