செட்எஃப்ஏசிஎல்: எல்லாம் நல்லதுதான், அந்த மாஸ்க் இருக்கிறதே

மலேசியாவின் பீடோரில் ஒரு செம்பனை ஆலையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் தம்பி ஒருவன், "அண்ணே, சர்வர்ல அனுமதி கொடுக்க சிஹெச்மோட் போதுமா, இல்ல செட்எஃப்ஏசிஎல் கத்துக்கணுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். இரண்டுமே (chmod, setfacl) லினக்ஸில் ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று வைக்கும் கட்டளைகள். பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது சுங்கை சிப்புட் பக்கம். எங்கள் தோட்ட ஆபீஸில் ஓர் உபுண்டு (லினக்ஸ்) சர்வர். எடைச் சீட்டு ஃபோல்டரில் கிராணியும் (எழுத்தர்) லாரி எடை போடுகிறவரும் எழுத வேண்டும், கணக்குத் தணிக்கைக்கு வருகிறவர் படிக்க மட்டும் வேண்டும், வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சிஹெச்மோடுக்குத் தெரிந்தது உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று வகைதான். தணிக்கைக்காரரை எங்கே வைப்பது? மற்றவர்களுக்குத் திறந்துவிட்டால் ஊருக்கே திறந்த மாதிரி.

செட்எஃப்ஏசிஎல் இதை ஒரே வரியில் முடித்துவிடும். ஆளுக்கு ஆள் தனி அனுமதி (இந்த அனுமதிப் பட்டியலுக்குத்தான் ஏசிஎல் என்று பெயர்), அதோடு ஃபோல்டருக்கு டிஃபால்ட் அனுமதி வைத்துவிட்டால் உள்ளே புதிதாக உருவாகும் ஃபைல்களும் அதையே எடுத்துக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: இந்தப் பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல்லை (getfacl) பெரிய ஆர் (-R) ஆப்ஷனோடு ஓட்டி, வருவதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வைத்தால், நாளைக்கு யாராவது கலைத்தாலும் செட்எஃப்ஏசிஎல்லின் ரிஸ்டோர் ஆப்ஷன் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடும். சிஹெச்மோடில் இப்படி ஒரு வசதி கிடையாது.

சரி, இப்போது மாஸ்க். ஏசிஎல்லில் பெயர் போட்டுக் கொடுத்த ஆட்களுக்கும் குழுக்களுக்கும் அதிகபட்சம் இவ்வளவுதான் என்று வைக்கும் எல்லை அது. எங்களுக்குச் சம்பள மென்பொருள் கொடுத்தவர்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் சிஹெச்மோடில் ஃபோல்டருக்கு 750 (உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்கு எழுதுவது தவிர மற்றவை, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை) போட்டுவிட்டுப் போவார்கள். ஏசிஎல் உள்ள இடத்தில் சிஹெச்மோட் போட்டால், நடுவில் உள்ள அந்த 5 குழுவின் அனுமதியை மாற்றாது, மாஸ்க்கைத்தான் மாற்றும். கெட்எஃப்ஏசிஎல் போட்டுப் பார்த்தால் கிராணியின் பெயருக்கு நேரே எழுதும் உரிமை அப்படியே நிற்கும், பக்கத்திலேயே எஃபெக்டிவ் என்று போட்டு அது வெட்டப்பட்டிருக்கும். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வெளிக் கேட்டைப் பூட்டிய கதை. கிராணி போன் பண்ணுவார், "சேவ் ஆகலையே" என்பார், சம்பள நாள் நெருங்கும்போதுதான் இது நடக்கும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஏசிஎல் தெரியாத பழைய மென்பொருள் ஒன்று சிஹெச்மோட் போட்டு மூடினால், அது நிஜமாகவே மூடப்பட வேண்டும் என்றுதான் இப்படி வைத்தார்கள். ஆனால் அடுத்து வேறு யாருக்காவது செட்எஃப்ஏசிஎல்லில் ஓர் அனுமதி சேர்த்தால், -n ஆப்ஷன் போடாதவரை மாஸ்க் தானாகவே திரும்பக் கணக்கிடப்பட்டுத் திறந்துகொள்ளும். பழுது தானாகவே சரியான மாதிரி இருக்கும், காரணம் தெரியாது. போதாததற்கு ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) காட்டுவதில் குழுவின் இடத்தில் தெரிவதும் மாஸ்க்தான், குழுவின் அனுமதி இல்லை. இந்த ஏசிஎல்லுக்கு அடிப்படையான போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரம்) 1003.1இ, வரைவு 17-ஓடு கைவிடப்பட்டது, முழுத் தரமாக வெளிவரவே இல்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம் காப்பி எடுக்கிற கதை. ஏசிஎல்லும் கூடவே வர வேண்டுமென்றால், நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் (rsync) பெரிய ஏ (-A) போட வேண்டும், மூட்டை கட்டும் டாரில் (tar) ஏசிஎல்ஸ் (--acls) ஆப்ஷன் போட வேண்டும், சாதா காப்பிக் கட்டளை சிபி (cp) அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வரும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் இன்றைக்கு என்னைக் கேட்டால் சிஹெச்மோட் என்றுதான் சொல்வேன். ஃபோல்டருக்கு 2770 போட்டு (முன்னால் உள்ள 2 இருந்தால் உள்ளே உருவாகும் ஃபைல்கள் ஃபோல்டரின் குழுவிலேயே சேரும்), எழுதுகிறவர்களை ஒரே குழுவில் வைத்து, அவர்களுக்கு யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த அனுமதிகள் கழிக்கப்படும் என்ற அமைப்பு, மேலே சொன்ன மாஸ்க் இல்லை) 007 ஆக்கிவிட்டு, தணிக்கைக்காரருக்குத் தனி ஃபோல்டரில் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டும் வசதி) மூலம் தினமும் ஒரு நகல் போட்டுவிடு. அழகில்லைதான், ஆனால் சம்பள நாளில் போன் வராது. போன வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஏசிஎல்தான் வேண்டும் என்றால், எல்எஸ்ஸில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் கூட்டல் குறி இருக்கிற ஃபோல்டரில் சிஹெச்மோட் போடக் கூடாது என்று மென்பொருள்காரர்களிடம் எழுத்திலேயே வாங்கிவிடு.