பயாப்ஸிக்குப் போகும் முன் படியுங்கள் (எங்களுக்கு 18,000 போச்சு)

மாமியாரின் கழுத்துக் கட்டியில் எடுத்த பயாப்ஸிக்கு இன்று ரிப்போர்ட் வந்தது. 'சலைனில் பெறப்பட்டது. திசு சிதைந்துள்ளது. கருத்துக் கூற இயலாது.' இதற்குத்தான் 18,000. இடத்தின் பெயர் வேண்டாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி எல்லாம் ஒரே இடத்தில் என்று விளம்பரம் செய்கிற டயக்னாஸ்டிக் சென்டர்.

காசநோயா, லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயா என்று டாக்டருக்குச் சந்தேகம். மெல்லிய ஊசியில் செல்களை உறிஞ்சிப் பார்த்ததில் பிடிபடவில்லை. லிம்ஃபோமாவுக்குத் தனிச் செல்கள் போதாதாம், அவை அடுக்கியிருக்கும் விதமும் தெரிய வேண்டுமாம். அதனால் தடித்த ஊசியில் துண்டுகளாக எடுக்கச் சொன்னார். சீட்டிலேயே எழுதினார்: நுண்ணோக்கிக்கு ஃபார்மலினில், காசநோய்க் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சலைனில். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கல்ச்சரில் எதுவும் வளராது. சலைன் வெறும் உப்புக் கரைசல், திசுவைப் பதப்படுத்தாது, கிடக்கக் கிடக்கச் செல்கள் தங்கள் என்சைமாலேயே கரையும்.

கவுன்டர் பையனிடம் சீட்டைக் காட்டி, "ரெண்டு பாட்டில் தம்பி" என்று வாய்விட்டும் சொன்னேன். "தினமும் செய்யறதுதான் அக்கா, நீங்க அம்மாவைப் பாத்துக்கோங்க, மத்தது எங்க பொறுப்பு" என்றான். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போன பக்குவத்தைப் பார்த்து மாமியாரே "நல்ல பிள்ளைங்க" என்றார். 18,000-ஐ அங்கேயே முழுசாகக் கட்டினேன்.

எல்லாத் துண்டையும் ஒரே சலைன் பாட்டிலில் போட்டு, சனி ஞாயிறு வைத்திருந்து, வெளி லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயாப்ஸியை இவர்கள் பார்ப்பதே இல்லையாம்! கல்ச்சருக்கு எதுவுமே போகவில்லை.

போன் செய்தால் மேனேஜர் மீட்டிங்கில். நேரில் போனால், "ரிப்போர்ட் குடுத்துட்டோமே மேடம்" என்கிறான் அதே பையன். பணம் கட்டும்வரை அக்கா, இப்போது மேடம். "வயசானவங்க திசு அப்படித்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். எழுபது வயதுத் திசு தானாகக் கரைந்துவிடுமா? கடைசியில், பாதிக் கட்டணத்தில் திரும்ப எடுத்துத் தருகிறார்களாம். 18,000 வாங்கியது போதாதா?

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஃபார்மலின் என்றால் திசுவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். பெயர் மூடியில் அல்ல, பாட்டிலில் ஒட்டியிருக்க வேண்டும். திசுவைப் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் எங்கே இருக்கிறார் என்று முன்பே கேளுங்கள். திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள், இன்னொருவரிடம் காட்ட அதுதான் உதவும்.

மாமியாருக்கு மறுபடி ஊசி, இந்தத் தடவை வேறு இடத்தில். 18,000-ஐத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடக்கூட அங்கே ஆள் இல்லையாம்.