மாமியை வெளியே அனுப்பிய கிளினிக்: ஐந்துக்கு நாலு

இடத்தின் பெயரை எழுதமாட்டேன். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் தும்மினால் அடுத்த ஒழுங்கையில் "என்ன, தடிமனோ?" என்று கேட்பார்கள். பெயரைப் போட்டால் இது யாருடைய மருமகள் என்று பின்னேரத்துக்குள் பிடித்துவிடுவார்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தண்டவாளத்தைப் பார்த்தபடி, மூன்றாம் மாடியில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் இளம் பெண்களுக்குப் பிள்ளைப்பேறு பற்றி ஆலோசனை சொல்லும் இடம். லிப்ட் இல்லை. என் முழங்காலுக்கு அந்தப் படிகளைப் பற்றித் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம்.

மருமகளுக்கு இப்போது 37. கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு முன், 35 வயதானவர்களைக் கூப்பிடும் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போன இடத்தில்தான் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். 1996 இலிருந்து நடக்கிற இலவசக் கிளினிக். கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு மட்டும் என்று நினைத்து நானெல்லாம் போகாமலே விட்டது. பிறகு ஒப்பரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் மகரகம அரசாங்கப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில். 138 பஸ்ஸில் போய் வந்தோம், ஒரு சதம் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் டமொக்சிபென் குளிசை. அவளுடைய கட்டி ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைத் தின்று வளர்கிற வகை. அந்த ஈஸ்ட்ரஜன் மார்பகத்தில் போய் ஒட்டாமல் மறிப்பதுதான் குளிசையின் வேலை. குறைந்தது ஐந்து வருஷம் போடவேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது போடக்கூடாது, கருவுக்குக் கெடுதி. பிரச்சினை முழுவதும் இந்த இரண்டு வசனத்துக்கு நடுவில் இருக்கிறது.

இதைக் கேட்க முதலில் கொழும்பில் இன்னொரு இடத்தில் ஒரு பெரிய டொக்டரை சனல் பண்ணினோம். இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து உள்ளே போனோம், நாலு நிமிஷத்தில் வெளியே வந்தோம். "ஐந்து வருஷம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்றார், போனைப் பார்த்துக்கொண்டு. அது முடியும்போது அவளுக்கு நாற்பதாகிவிடும். கூட்டல் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கிளினிக்கில் காசு கூட. முதல் சந்திப்புக்கு 6,500 ரூபா, கார்ட் எடுக்கமாட்டார்கள். ஐந்தேகால் நம்பர் ஆறரைக்குத்தான் வந்தது. இரண்டு பேரும் எழும்பி உள்ளே போனோம். நேர்ஸ் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கோ, முதலில் அவவோட தனியாக் கதைக்கவேணும்" என்றார். மாமிமார் கூட வந்தால் இங்கே அப்படித்தானாம். நான் முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்தவள். வகுப்புக்கு வெளியே பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன், என்னை யாரும் நிறுத்தியதில்லை. கேள்விகள் எழுதிய சீ.ஆர். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருபத்தைந்து நிமிஷம் இருந்தேன். ஒரு நட்சத்திரத்தை அப்பவே வெட்டிவிட்டேன்.

பிறகு மருமகளே கதவைத் திறந்து, "வாங்கோ மாமி, இனி நீங்களும் இருக்கலாம்" என்றாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அவளிடமே கேட்டிருக்கிறார்கள், உனக்குப் பிள்ளை வேண்டுமா என்று. வீட்டில் நாங்கள் எல்லோரும் அவளுக்காகக் கவலைப்பட்டோமே தவிர, அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வெட்டிய நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டொக்டர் இளம் பெண். தமிழும் இங்கிலீசும் கலந்து, கோச்சி போகும்போதெல்லாம் கதையை நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினார். 'பொசிட்டிவ்' என்று ஒரு ஆராய்ச்சி, 2023 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. ஹோர்மோன் குளிசையை 18 முதல் 30 மாதம் எடுத்த, 42 வயதுக்கு மேற்படாத 518 பெண்கள். குளிசையை நிறுத்தி, உடம்பிலிருந்து மருந்து வடிய மூன்று மாதம் விட்டு, பிள்ளைக்கு முயற்சி செய்தார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு வருஷத்துக்குள். பிறகு திரும்பக் குளிசை.

கர்ப்பமாகிறார்களா என்று தொடர்ந்து பார்த்த 497 பேரில் 368 பேர் கர்ப்பமானார்கள், 317 பேருக்கு உயிரோடு பிள்ளை பிறந்தது. மூன்று வருஷத்தில் புற்றுநோய் திரும்பியவர்களும் புதிதாக வந்தவர்களும் நூற்றுக்கு 8.9. நிறுத்தாமல் குளிசை எடுத்த இதே மாதிரிப் பெண்களை பழைய ஆராய்ச்சிகளிலிருந்து எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 9.2.

நான் கொப்பியைத் திறந்தேன். குறைவு என்றால் பிள்ளை பெறுவது நல்லது என்று அர்த்தமா, என்று கேட்கத்தான். வாயைத் திறக்க முதலே அவர் சொன்னார்: "இதை வைத்து கர்ப்பம் பாதுகாக்கும் என்று நினைக்கவேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று, அவ்வளவுதான்." காசைச் சுண்டிப்போட்டு, நீ பிள்ளை பெறு, நீ பெறாதே என்று பிரித்த ஆராய்ச்சி இல்லையாம் இது. அப்படிப் பிரிக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? தானாக விரும்பி வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தது. பார்த்த காலத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு 41 மாதம்தான், பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு. இந்த வகைப் புற்றுநோய் பத்து வருஷம் கழித்தும் திரும்பக்கூடியது. அதனால் அந்தப் பெண்களை இன்னும் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மருமகளின் ரிப்போர்ட்டை எடுத்து ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். வயது சரி. குளிசை எடுத்த காலம் 23 மாதம், சரி. இரண்டாம் நிலை, அதுவும் சரி, அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஒன்றாம் இரண்டாம் நிலைக்காரர்தான். "இந்த 518 பேருக்குள் நீங்களும் இருந்திருக்கலாம், அதனால்தான் இதைப் பற்றிக் கதைக்கிறோம்" என்றார். நாலாம் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இந்தத் தாளை எடுத்தே காட்டமாட்டேன் என்றும் சொன்னார். கணிதம் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சூத்திரம் சரியாக இருக்கலாம், கணக்கு உன்னுடையதா என்று முதலில் பார்.

எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, கொப்பியில் எழுதாதது. நோய் என்று தெரிந்த கிழமை, குசினியில் நின்று யாரோடோ போனில், "காலத்துக்குப் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்திருந்தால் வந்திருக்காது" என்று நான் சொன்னேன். அவள் பக்கத்து அறையில். அதைக் கேட்டாளா என்று இவ்வளவு நாளும் தெரியாது. டொக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல, பால் கொடுத்தால் வராதாமே என்றேன்.

அவர் மருமகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். 2002 இல் 30 நாடுகளின் 47 ஆராய்ச்சிகளை ஒன்றாக்கிப் பார்த்தார்களாம். பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம். "இலட்சக்கணக்கான பெண்களைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற சின்ன வித்தியாசம் இது. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். ஒருத்தியைக் காட்டி, உனக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல இந்தக் கணக்கால் முடியாது." ஒரு கோச்சி போனது. மருமகள் என் கையைப் பிடிக்கவும் இல்லை, தட்டவும் இல்லை. "கேட்டனான் மாமி" என்றாள், கோச்சிச் சத்தத்துக்குள்.

அப்படியென்றால் ஐந்தில் ஒரு நட்சத்திரம் ஏன் போனது என்று சொல்லவேண்டும். வெளியே வைத்த துண்டுப்பிரசுரங்களில் தமிழ் முடிந்துவிட்டது, சிங்களமும் இங்கிலீசும்தான் மிச்சம். "அடுத்த கிழமை வரும்" என்றார் வரவேற்பில் இருந்த பிள்ளை. இரண்டாம் தரம் போனபோதும் அடுத்த கிழமைதான். தமிழில் இருந்த ஒரே படிவத்தில் 'முட்டை உறைவித்தல்' என்று போட்டிருக்கிறார்கள், பிரிட்ஜில் வைக்கிற கோழி முட்டைபோல. கருமுட்டை என்று எழுத இரண்டு எழுத்துத்தான் கூடுதலாக வேணும். ரிசீட்டில் மருமகளின் பெயரும் பிழை, காப்புறுதிக்கு அனுப்பித் திரும்பி வந்தது. இரண்டாம் சந்திப்புக்கு 4,000 ரூபா என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். குளிசையை நிறுத்துவதென்றால் மகரகம டொக்டரும் சம்மதிக்கவேண்டும் என்று இவர்களே கடிதம் எழுதித் தந்தார்கள், அதற்குக் காசு எடுக்கவில்லை.

போகிறவர்களுக்கு: முழு ரிப்போர்ட்டும் கொண்டுபோங்கோ, குளிசை தொடங்கிய திகதியை எழுதி வையுங்கோ, அதைத்தான் முதலில் கேட்பார்கள். புருஷனையும் கூட்டிப் போகலாம், அவரையும் முதலில் வெளியே இருத்துவார்கள்.

மருமகள் என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த சந்திப்பு வருகிற மாதம். கூட வரட்டா என்று கேட்டேன், வாங்கோ என்றாள். அந்தப் பிளாஸ்டிக் கதிரை இடுப்புக்கு ஆகாது, ஒரு சின்னக் குஷன் கொண்டுபோகவேணும்.