தாய் தந்த உடல் என்ன ஆயிற்று? ஹெராக்ளீஸும் இயேசுவும்

கடவுளுக்கு மகன் பிறந்தான் என்பது கிரேக்கர்களிடமிருந்து எடுத்த கதைதானே என்ற கேள்வி மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் பேரரசருக்கு எழுதிய முறையீட்டிலேயே இந்த ஒப்பீடு வருகிறது. கிரேக்கரின் தலைமைக் கடவுளான சீயுஸின் மகன்களைப் பற்றி நீங்கள் சொல்வதற்குப் புறம்பாக நாங்கள் எதையும் சொல்லிவிடவில்லையே, பிறகு எங்களை மட்டும் ஏன் வெறுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். ஆகவே ஒற்றுமையே கிடையாது என்று அடித்துச் சொல்வது நேர்மையாகாது.

பிறப்புக் கதைகளில் வேறுபாடு உடனே தெரிகிறது. சீயுஸ், கிரேக்க வீரன் ஹெராக்ளீஸின் தாயாகப்போகும் அல்க்மேனேயிடம் அவள் கணவன் ஆம்பிட்ரியோனின் உருவில் வருகிறான். வந்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. இன்னொரு வீரன் பெர்சியுஸின் தாயான தனாயேயிடம் பொன்மழையாக இறங்குகிறான். அவளிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. லூக்கா நற்செய்தியில் இயேசுவின் தாய் மரியாள் கேள்வி கேட்கிறாள்: "இது எப்படியாகும்? புருஷனை அறியேனே." பதில் கிடைத்த பிறகே இசைகிறாள். அங்கே வேட்கையும் இல்லை, மாறுவேடமும் இல்லை.

ஆனால் பிறப்போடு நிறுத்திக்கொண்டால் ஒப்பீடு பாதியில் நின்றுவிடும். அல்க்மேனே கருவுறும் முன் ஹெராக்ளீஸ் என்று ஒருவன் இல்லை. நற்செய்தி எழுதிய யோவானோ, இயேசுவை 'வார்த்தை' என்று அழைத்து, "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்குகிறார். மகன் என்றால் தந்தைக்குப் பிந்தியவன்தானே என்று அரியுஸ் என்ற குரு கேட்டதும், 325இல் நீசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை மறுத்ததும் இந்த இடத்தில்தான். மகன் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையின் அதே தன்மை உடையவர் என்றது சங்கம். 'மகன்' என்ற சொல் இங்கே ஓர் உறவைச் சொல்கிறது; ஒரு நாளில் நடந்த பிறப்பை அல்ல.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது முடிவு. ஹெராக்ளீஸின் சாவு உருக்கமானது. மனைவி அறியாமல் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடை உடலை அரிக்க, ஓய்ட்டா மலையில் தானே சிதை ஏறுகிறான். தாயிடமிருந்து வந்தது எரிந்துபோய், தந்தையின் பங்கு மட்டும் மிஞ்சியது என்கிறார் ரோமக் கவி ஓவிட். பாதி மனிதன், பாதி தெய்வம். மனிதப் பாதியை உதறினால்தான் தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸில் இடம். அல்க்மேனேயின் சாயல்கூட அவனிடம் எஞ்சவில்லை.

கிறிஸ்தவத்தில் இந்தப் பாதிக் கணக்கே இல்லை. 451இல் கூடிய கல்செதோன் சங்கம் இயேசுவை முழுக் கடவுள், முழு மனிதர் என்றது. உயிர்த்தெழுந்த பிறகும் மரியாளிடம் பெற்ற உடல் போய்விடவில்லை. கைகளில் ஆணித் தழும்பு இருக்கிறது, விலாவில் காயம் இருக்கிறது. நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் அவர் நீட்டிக் காட்டுவது அந்த உடலைத்தான்.