78 டிகிரி ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி ஓவர்க்ளாக் செய்த கம்ப்யூட்டர் வாங்கிவிடாதீர்கள்

ஓவர்க்ளாக் செய்து (பிராசஸரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவைத்து), முழுச் சுமை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினேன். அதற்குத் தனிக் கட்டணமும் கொடுத்தேன். ஆள் யாரென்று எழுதப் போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

பிராசஸர் இன்டெல் கோர் ஐ9-9900கே. அதற்குள் கணக்கு போடும் எட்டு கோரும் சேர்ந்து ஓடும்போது அது தானாகவே 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எல்லா கோரையும் 5 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தித் தருகிறேன் என்றார். ஒப்படைக்கும் முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது: பிரைம்95 என்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் சாஃப்ட்வேர் ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது, பிழை ஒன்றும் இல்லை, வெப்பம் 78 டிகிரி. அசந்துபோய் வாங்கிவிட்டேன்.

வீடியோ ரெண்டர் போட்ட முதல் வாரமே பாதியில் ப்ளூ ஸ்க்ரீன். விண்டோஸை மறுபடி போடச் சொன்னார், போட்டேன். ராமை மாற்றிப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். கடைசியில் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘வியா லாகர்’ எச்சரிக்கைகள் வரிசையாக நிற்கின்றன. வன்பொருளில் நேர்ந்த பிழை திருத்தப்பட்டதைப் பதிந்துவைக்கும் குறிப்பு அது. என்னுடையதில் ஒவ்வொன்றும் பிராசஸர் கோரையே காட்டியது.

அப்புறம்தான் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நிதானமாகப் பார்த்தேன். ஓட்டியது பிரைம்95-இன் பழைய 26.6 பதிப்பு. பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடவைக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் அதில் கிடையாது. அவை 27-ஆம் பதிப்பில்தான் வந்தன. பிராசஸரை உண்மையில் கொதிக்கவைப்பவை அந்தக் கட்டளைகள்தான், என் வீடியோ சாஃப்ட்வேர் பயன்படுத்துவதும் அவற்றையே. படத்தில் இருந்த 78 டிகிரியும் அந்த நொடியின் அளவு. உச்ச அளவைக் காட்டும் பத்தி வெட்டப்பட்டிருந்தது. கேபினெட் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவைத்து டெஸ்ட் செய்ததை, துருவிக் கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, நானே பார்க்கலாம் என்று கதவை மூடி, புதிய பதிப்பில் அதிகச் சூடு கிளப்பும் ‘ஸ்மால் எஃப்எஃப்டி’ டெஸ்ட்டை ஓட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 100 டிகிரி. இந்த பிராசஸருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணெதிரே இறங்கியது. சற்று நேரத்தில் ஒரு கோரின் கணக்கு தப்பி, ‘ரவுண்டிங் 0.5, 0.4-க்குள் இருந்திருக்க வேண்டும்’ என்ற பிழையோடு அந்த வேலை நின்றது.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் நுழைந்தால் வோல்டேஜ் 1.38 என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. சுமையின்போது வோல்டேஜ் இறங்காமல் ஈடுகட்டும் எல்எல்சி அமைப்பு உச்சத்தில் இருந்ததால் சுமையின்போது அது 1.41 வரை ஏறியது. பிராசஸர் உறிஞ்சும் மின்சக்தி, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.25-இலிருந்து 1.40-க்குப் போனாலே அதே வேகத்தில் கால் பங்கு சூடு அதிகம். நிதானமாகக் கூட்டிக் குறைத்து அளவு பார்க்கும் பொறுமை இல்லாமல், கணிசமாக ஏற்றிவிட்டு வேலையை முடித்திருக்கிறார். அவ்வளவு ஏற்றியும் நிலைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அவருடைய பதில்: “பிரைம்95 மாதிரி நிஜத்தில் எந்த வேலையும் ஓடாது சார், அதை ஓட்டினதுதான் உங்க தப்பு.” பாதி நியாயம்தான், அது கொடூரமான டெஸ்ட். ஆனால் அந்த டெஸ்ட்டைக் காட்டித்தானே என்னிடம் விற்றார்? ப்ளூ ஸ்க்ரீன் வந்ததும் ரெண்டரில். பயாஸில் கைவைத்துவிட்டதால் இனி வாரண்டி இல்லை என்றும் சொன்னார்.

இப்படி வாங்குபவர்கள் படத்தை ஏற்காதீர்கள். கேபினெட்டை மூடி, உங்கள் முன்னால், ஏவிஎக்ஸ் உள்ள டெஸ்ட்டை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் இந்த அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர் திறந்திருக்கட்டும். உச்ச வெப்பம், சுமையில் உள்ள வோல்டேஜ், த்ராட்டில் ஆனதா (சூட்டால் வேகம் குறைந்ததா), வியா பிழை எண்ணிக்கை நான்கையும் பாருங்கள். ஏவிஎக்ஸ் ஆஃப்செட் (அந்தக் கட்டளைகள் ஓடும்போது வேகத்தை எத்தனை 0.1 கிகாஹெர்ட்ஸ் படி குறைப்பது என்ற அமைப்பு) எவ்வளவு என்றும் கேளுங்கள். அது 3 என்றால் கனமான வேலையில் உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் 4.7 ஆகிவிடும்.

என்னுடையது இப்போது பயாஸை ரீசெட் செய்து, பெட்டியைப் பிரித்தபோது இருந்திருக்க வேண்டிய அதே 4.7-இல் ஓடுகிறது. ரெண்டர் நிற்கவில்லை. ஓவர்க்ளாக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டேன். படித்ததற்கான நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.