நிறம் திரும்பி வருமா? அசோ சாயமும் ஆந்த்ராகுவினோன் சாயமும்

இந்த இரண்டு சாயக் குடும்பங்களின் குணத்தையும் நேரில் பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. காஸ்டிக்கும் (சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) ஹைட்ரோஸும் (சோடியம் டைதயோனைட்) கலந்த வெந்நீரில் சாயமேறிய பருத்தித் துண்டைப் போடுங்கள். அசோ சாயம் என்றால் வெளுத்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் காற்றில் கிடந்தாலும் பழைய நிறம் திரும்பாது. ஆந்த்ராகுவினோன் வகை வேட் சாயம் (கரைத்து நூலில் ஏற்றி, பிறகு காற்றில் கரையாததாக்கும் சாயம்) என்றால் நிறம் மாறும். ஆனால் துணியை எடுத்துக் காற்றில் விரித்தால் பழைய நிறம் கண்ணெதிரே திரும்பி வரும். இரண்டுக்கும் உள்ள மற்ற வேறுபாடுகளில் பாதி இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அசோ சாயத்தின் நிறம் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த இரண்டு நைட்ரஜன் அணுக்களை நம்பியிருக்கிறது. ஹைட்ரோஸ் அந்த இடத்தில் மூலக்கூறை இரண்டு அமீன்களாக, அதாவது நைட்ரஜன் கொண்ட சிறு சேர்மங்களாக, வெட்டிவிடும். ஆந்த்ராகுவினோனில் வெட்டு விழுவதில்லை. ஒட்டி நிற்கும் மூன்று வளையங்களில் நடு வளையத்தின் இரண்டு ஆக்சிஜன்களும் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன; காற்று பட்டதும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. வாங்கிய நிலையில் சாயம் காரநீரில் கரைந்து நூலுக்குள் போகும், கொடுத்த நிலையில் கரையாமல் உள்ளேயே தங்கிவிடும். 1901இல் வேதியியலாளர் ரெனே போன் இண்டிகோ போன்ற ஒன்றைச் செய்யப்போய்க் கண்டெடுத்த இண்டாந்த்ரோன் நீலம் வேலை செய்வது இப்படித்தான். வெயிலுக்கும் சலவைக்கும் அது தரும் ஈடு அபாரமானது.

சரி, இவ்வளவு நல்ல சாயம் இருக்கும்போது உலகில் விற்கும் சாயங்களில் பாதிக்கு மேல் ஏன் அசோவாக இருக்கிறது? தயாரிப்பது அவ்வளவு எளிது. வேதியியலாளர் பீட்டர் கிரீஸ் 1858இல் காட்டிய டயசோ வினையை (அமீனை வேறொன்றோடு இணையத் தயாராக்கும் வினை)ப் பெரும்பாலும் பனிக்கட்டிக் குளிரில் செய்து, இன்னொரு சேர்மத்தோடு இணைத்தால் போதும். சேர்மங்களை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான நிறங்கள் பெறலாம். நிறச் செறிவிலும் அசோ முந்துகிறது. அதே அடர்த்திக்கு ஆந்த்ராகுவினோன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். தயாரிப்பும் நீளம். ஆந்த்ராகுவினோன் மூலக்கூறின் முதலாம் இடத்தில் சல்ஃபோனிக் என்ற கந்தகத் தொகுதியைச் சேர்க்கும் பழைய வழிக்குப் பாதரசமே வினையூக்கி, அது கழிவுநீரில் பெரிய தலைவலி. பாலியெஸ்டர் நீலங்களில் டிஸ்பர்ஸ் ப்ளூ 79 போன்ற அசோக்கள் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

ஆனாலும் தெளிந்த, பளிச்சென்ற நீலம் வேண்டுமென்றால் என் ஓட்டு ஆந்த்ராகுவினோனுக்கே. அது ஒளியை உறிஞ்சும் பட்டை குறுகலானது, அதனால் நிறத்தில் மங்கல் கலப்பதில்லை. மஞ்சளுக்கு நான் அசோவைத்தான் எடுப்பேன். சில மஞ்சள் வேட் சாயங்கள் தாங்கள் வெளுக்காமலே, வெயிலில் பருத்தி நூலை நலியச் செய்துவிடும். அசிட்டேட் துணியில் உள்ள ஆந்த்ராகுவினோன் நீலங்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எரிவாயுப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு பட்டால் நிறம் திரியும்.

பாதுகாப்பு என்று வரும்போது அந்த வெட்டு மறுபடி எதிரே நிற்கிறது. வெட்டுப்பட்டால் புற்றுநோய் அபாயமுள்ள குறிப்பிட்ட 22 அமீன்களில் ஒன்றைத் தரும் அசோ சாயங்களுக்கு, தோலில் படும் துணிகளில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. அந்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எல்லா அசோவும் இதில் சிக்காது. ஆந்த்ராகுவினோனுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் அதே உறுதி கழிவுநீரில் எதிராகத் திரும்புகிறது. ரியாக்டிவ் ப்ளூ 19 என்ற ஆந்த்ராகுவினோன் நீலம் லேசில் சிதைவதில்லை. அசோவைக் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா வெட்டிவிடும். மிஞ்சும் அமீன்களைக் காற்றோட்டமுள்ள அடுத்த தொட்டியில் சிதைக்கலாம். நீலத்துக்கு ஆந்த்ராகுவினோனைத் தேர்ந்தெடுப்பவர் சுத்திகரிப்புச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.