எந்திரனா, 2.0வா?

டெக்னிக்கலா பாத்தா 2.0 (2018) வேற லெவல், நேரடியா 3டிலயே ஷூட் பண்ணதால செல்போன் எல்லாம் ரோட்ல வெள்ளமா ஓடுற சீன் தியேட்டர்ல மிரட்டிடுச்சு, ஆனா மனசுல நிக்கறது எந்திரன் (2010) தான். அதுல தீ விபத்துல குளிச்சிட்டு இருந்த பொண்ண ரோபோ சிட்டி அப்படியே தூக்கிட்டு வந்து எல்லார் முன்னாடியும் நிறுத்துவான், காப்பாத்துறது தெரியும் மானம்னா என்னன்னு தெரியாது, அந்த ஒரு சீன்லயே மொத்த கதையும் இருக்கு. 2.0ல அந்த மாதிரி சிட்டிக்கு எதுவுமே எழுதல, வெறும் சண்டை போடற மெஷின் ஆக்கிட்டாங்க, பெண் ரோபோ நிலாவும் சும்மா கூட வர்றாங்க. வில்லன் பக்ஷிராஜன் ஃப்ளாஷ்பேக் மட்டும் உண்மையிலேயே அழ வச்சுது, அக்‌ஷய் குமார் பிரமாதம். ஆனா செல்போன் டவர் ரேடியேஷன்தான் பறவைங்கள கொல்லுதுன்னு நிரூபிக்கப்படாத விஷயத்த அடிச்சு சொன்னது எனக்குப் பிடிக்கல. பாட்டுலயும் எந்திரன்தான்ங்க.